எம்புள்ளைக்குக் கவுன்சிலிங்கா?

கேள்வி: அக்கா, நாங்கள் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மல்லிகை போட்டிருக்கிறோம். மகள் ஊரில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படித்து 452 மார்க் எடுத்தாள். இப்போது டவுனில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பயாலஜி மேத்ஸ் குரூப். காலாண்டில் கணக்கில் 27 தான். காலையில் வயிற்றுவலி என்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கு வாரம் ஒருநாள் வரும் ஆலோசகர் அவளிடம் இரண்டு முறை பேசியிருக்கிறார். இப்போது எங்களையும் வரச் சொல்கிறார். "கவுன்சிலிங் போற பொண்ணுன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க" என்று மாமியார் வைகிறார். டிசியில் எழுதிவிடுவார்களா? வீட்டுக்காரரோ நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதலில் டிசி பயத்தை இறக்கி வையுங்கள். ஆலோசகரிடம் பேசியதை டிசியில் எழுதமாட்டார்கள். அதற்கு அதில் இடமே கிடையாது.

நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் ஒன்று இன்ஜினீயரிங் சீட்டு, இல்லாவிட்டால் 'மண்டைக்கு ஏதோ ஆகிவிட்டது'. பள்ளியில் நடப்பது இரண்டுமே இல்லை. மார்க் போடாத, வையாத, அம்மாவிடம் போட்டுக்கொடுக்காத ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து பிள்ளை பேசுகிறது, அவ்வளவுதான். மதுரையைச் சுற்றிய பள்ளிகளில் நான் ஆலோசகராக வேலை பார்த்த வருடங்களில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகமாக அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் எல்லோரும் தன் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் மகளுக்கு ஜூன் மாதத்தில் என்னென்ன மாறியது என்று எண்ணிப்பாருங்கள். இத்தனை வருடம் நடந்து போன பள்ளி போய், காலையில் கூட்டத்தில் நசுங்கிப் போகிற பஸ் வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு குரூப், ஆளுக்கொரு பள்ளி. பத்தாவது கணக்குக்கும் பிளஸ் ஒன் கணக்குக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. முதல் பருவத்தில் அதில் விழாத பிள்ளை குறைவு. பத்தாவதில் 452 வாங்கிய பெண்ணுக்கு 27 என்ற எண் எப்படி வலிக்கும்! வயிற்றுவலிக்கு டாக்டரிடமும் காட்டுங்கள், நடிப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயத்திலும் வயிறு நிஜமாகவே வலிக்கும். கணக்குப் பாடம் இருக்கிற நாளில்தான் வலி வருகிறதா, பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா, ராத்திரி தூங்குகிறாளா என்றெல்லாம் ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுப் பிரிப்பார். கணக்கு புரியாதது ஒரு சிக்கல், தோழி இல்லாதது வேறு சிக்கல். இரண்டுக்கும் 'ஒழுங்காப் படி' என்பது மருந்தாகாது.

அவர் கூப்பிட்டதும் உங்களுக்கு முதலில் வாயில் வரப்போகும் கேள்வி, "எம்புள்ள உங்ககிட்ட என்ன சொன்னா?" அதைக் கேட்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு மாணவி என்னிடம் நம்பிச் சொன்னதை, நல்லது என்று நினைத்து அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தபோது சொல்ல ஆள் இல்லாமல் போனது. இன்றும் உறுத்துகிறது.

பிள்ளை உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகரே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். யாராவது அவளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும். மற்றபடி அவள் பேசியது அந்த அறையோடு இருக்கட்டும். நீங்கள் கேட்கவேண்டியது, "வீட்ல நாங்க எதை மாத்திக்கணும் சார்?" என்பதுதான்.

அடுத்து ஹாஸ்டல் பள்ளி. உங்கள் வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இதில் அவசரப்பட்டால் நஷ்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் 2021இல் நீட்டித்தார்கள். கல்லூரி போனதும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்பு எங்கே என்பதைத்தான் பார்ப்பார்கள். கடைசி ஒன்றரை வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இரண்டும் கையை விட்டுப் போகும். இருக்கிற ஓரிரு தோழிகளையும் பிரித்து, தெரியாத ஊரில் கொண்டுபோய் விடுவது இன்னும் பெரிய கஷ்டம்.

கணக்கு கடைசிவரை வரவில்லை என்றால்? குரூப் மாற்றுவது இந்த நேரத்தில் சுலபமில்லை, இருந்தாலும் தலைமையாசிரியரிடம் ஆலோசகரை விட்டுக் கேட்கச் சொல்லலாம். மாற்றமுடியாவிட்டாலும் வாசல் அடைபடவில்லை. நம் மாநிலத்தில் பி.எஸ்சி. நர்சிங், பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகளுக்கு நீட் கிடையாது. உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். கணக்கைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியும் பஸ்ஸில் போகிற தூரம்தான், மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் என்ன இருக்கிறது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் பயிற்சி தருகிறது. இப்படி டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதைகளைப் பிள்ளையின் மார்க்கோடும் ஆசையோடும் சேர்த்து வைத்துப் பார்ப்பது ஆலோசகரின் பாதி வேலை. என்னைக் கேட்டால், அதைப் பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதம்வரை தள்ளிப்போடக் கூடாது.

மேல்படிப்பில் சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணுக்கும் கூப்பிடலாம். ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால், அடுத்த வாரம் ஆலோசகர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடுராத்திரி என்றாலும் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசுவார்கள்.

மாமியாரிடம் "பிரின்சிபால் வரச் சொன்னாங்க அத்தே" என்று பொய் சொல்லாதீர்கள். "புள்ள சாப்பிட மாட்டேங்குது, அதுக்குத்தான் பேசப் போறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பேத்தி பட்டினி என்றால் எந்த அப்பத்தாவும் மறிக்கமாட்டார்.

அதிகாலையில் பூப்பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு ஏற்றிவிட்டால் பத்து மணிக்கு நீங்கள் இருவருமே பள்ளிக்குப் போய்விடலாம். அப்பாவும் வரவேண்டும். மார்க் வாங்கித் தந்த நாளில் மட்டுமல்ல, 27 வாங்கிய நாளிலும் அப்பா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார் என்பதை அவள் பார்க்கட்டும். திரும்பி வரும்போது எதுவும் விசாரிக்க வேண்டாம். அவளுக்குப் பிடித்த கடையில் ஆளுக்கு ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வாருங்கள். அரையாண்டு முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.