கை கால் தேறிவிட்டது, ஆள் மட்டும் தேறவில்லையே!

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 61. ரைஸ்மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். போன தை மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை, காலில் இருந்த பலவீனம் பிசியோதெரபியில் நன்றாகவே தேறிவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இடது காடேட் இன்ஃபார்க்ட்' என்று போட்டிருக்கிறது. காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் மதியம் வரை அப்படியே இருக்கிறார். காபி கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பேரன் பிறந்த சேதியைச் சொன்னேன், "சரி" என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டும் மாற்றமில்லை. "சொகுசு கண்டுவிட்டார்" என்கிறார் நாத்தனார். இது சோம்பலா, மனச்சோர்வா, என் மேல் வெறுப்பா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மூன்றுமே இல்லை என்றுதான் தோன்றுகிறது அம்மா. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 'கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து நிமிடப் பரிசோதனையில் எங்கள் கண்ணில் படாத விஷயம் அது. நாங்கள் கேள்வி கேட்போம், அவர் சரியாகப் பதில் சொல்வார், 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

ஒரு வேலையைச் செய்யக் கையில் பலமும் தலையில் புத்தியும் இருந்தால் போதாது. 'எழுந்திரு' என்று உள்ளிருந்து ஒரு உந்துதல் வரவேண்டும். அதற்கும் மூளையில் இடம் உண்டு. நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரு பாதிகளும் எதிரெதிரே பார்க்கும் உட்புறச் சுவரில் தொடங்கி, ஆழத்திலிருக்கும் காடேட் (உங்கள் ரிப்போர்ட்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதிப்பு என்று போட்டிருக்கும் இடம்), பாலிடம், தலாமஸ் என்ற பகுதிகள் வழியாகச் சுற்றி, மீண்டும் முன்மூளைக்கே வந்து சேரும் நரம்புப் பாதை அது. அங்கே சின்ன பாதிப்பு ஏற்பட்டாலும் உந்துதல் நின்றுபோகலாம். நரம்பியல் மருத்துவர்கள் கைலாஷ் பாட்டியாவும் டேவிட் மார்ஸ்டனும் இந்த ஆழப் பகுதிகளில் பாதிப்பு வந்த 240 பேரின் விவரங்களைத் தொகுத்து 1994ல் வெளியிட்டார்கள். காடேட் பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், உங்கள் வீட்டுக்காரர் மாதிரியே தானாக எதையும் தொடங்காதவர்களாக ஆகியிருந்தார்கள்.

1983ல் மூளை ஆய்வாளர்கள் அன்டோனியோ டமாசியோவும் கேரி வான் ஹோசனும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். முன்மூளையின் உட்சுவரில் பக்கவாதம் வந்து பேச்சே இல்லாமல் படுத்திருந்தவர். தேறிய பிறகு, ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பேச எதுவும் இல்லை, மனம் காலியாக இருந்தது, எதுவுமே பெரிதாகப் படவில்லை என்ற பொருளில் சொன்னார். வேதனையில் இருந்ததாக அவர் சொல்லவில்லை. பேரன் சேதிக்கு உங்கள் வீட்டுக்காரர் சொன்ன "சரி"யை இதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் மேல் வெறுப்பு இருக்கவும் உள்ளே ஒரு சூடு வேண்டுமே அம்மா.

மனச்சோர்வு வேறு. அதில் துக்கம் இருக்கும், தூக்கம் கெடும், 'எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்' என்ற புலம்பல் இருக்கும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது அது வருகிறது. இந்த உந்துதல் இழப்பும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வருகிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். 'இடது பக்கம் அடிபட்டால் மனச்சோர்வு நிச்சயம்' என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். 2000ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. ஆனால் 'செத்தால் தேவலை' என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நடுராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கூப்பிடலாம், கட்டணமில்லை.

மாத்திரை விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். மனச்சோர்வு மாத்திரைகளில் சில, ஒருசிலருக்கு மந்தத்தைக் கூட்டுவதுண்டு. ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும், வயதானவர்களுக்கு அதுவே சோர்வைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சோடியம், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லி, மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். உந்துதல் இழப்புக்கென்றே உறுதியாக நிரூபணமான மருந்து இதுவரை இல்லை.

செல்ஃப் ஸ்டார்ட் போன வண்டியைக் கிக்கரை உதைத்தால் ஓடுகிறதல்லவா, அதுதான் அவர் நிலை. வெளியிலிருந்து ஒரு தூண்டல் கிடைத்தால் செய்வார். "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று வரும். துண்டைக் கையில் கொடுத்து "வாங்க, வெந்நீர் ரெடி" என்றால் எழுந்து வருவார். ஆறு மணிக்குக் காபி, ஏழுக்கு வாசல் வரை நடை, எட்டுக்குக் குளியல் என்று நாளை நேரம் போட்டுப் பிரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போனில் அலாரம் வையுங்கள், எல்லாவற்றுக்கும் உங்கள் தொண்டையே வற்ற வேண்டாம். மில்லில் மூட்டைக் கணக்குப் பார்த்தவராயிற்றே, வீட்டுக்கு வரும் அரிசி, பால் கணக்கைத் தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் எழுத வையுங்கள். 'மனசு வரட்டும், அப்புறம் செய்யட்டும்' என்று காத்திருந்தால் நாள்தான் போகும். நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். பகலில் இரண்டு மணி நேரம் அவர் வந்து உட்கார்ந்தால் நீங்கள் கொஞ்சம் தூங்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு வலது பக்க மூளையில் பக்கவாதம். தட்டில் இடது பக்கத்து இட்லியை விட்டுவிட்டு "இன்னும் இட்லி வை" என்கிறார். இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருக்கிறது. கண் டாக்டர் பார்வை சரியாக இருக்கிறது என்கிறார்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பிரச்சினை கண்ணில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. வலது மூளை பாதிக்கப்பட்டால் இடது பக்கத்து உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடலாம். இத்தாலியில் பிசியாக், லுஸாட்டி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இத்தகைய இரண்டு நோயாளிகளிடம், மிலான் நகரத்து தேவாலயச் சதுக்கத்தை நினைவிலிருந்து வர்ணிக்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு சொன்னபோது வலப்பக்கக் கட்டடங்களே வந்தன. தேவாலய வாசலிலிருந்து எதிர்ப்புறம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டுப்போனவை எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின! நினைவு முழுசாக இருந்தும் ஒரு பாதிக்குக் கவனம் போகவில்லை. 1978ல் வெளியான இந்த ஆய்வை நோயாளிகளின் குடும்பத்தாருக்கெல்லாம் நான் சொல்வதுண்டு. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்ற அதட்டல் அதன்பிறகு குறைந்துவிடுகிறது.

தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியும் வரை திரும்பிப் பாருங்க" என்று ஒவ்வொரு வேளையும் பழக்குங்கள். பேசும்போது அவருக்குத் தெரிகிற பக்கத்தில் தொடங்கி மெல்ல இடப்பக்கம் நகருங்கள். தண்ணீர் சொம்பும் கூப்பிடும் மணியும் மட்டும் வலப்பக்கம் இருக்கட்டும். பேசுகிற நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள். அடுப்படியில் தனியாக விடாதீர்கள். தனக்குக் குறையே இல்லை என்று அவர் மனசாரச் சொல்வார், அதுவும் நோயின் பகுதிதான்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா யாரைப் பார்த்தாலும் பொங்கிப் பொங்கி அழுகிறார். சாவு வீட்டில் சிரித்தும்விட்டார். கேட்டால் "துக்கம் ஒண்ணுமில்லை" என்கிறார். தங்கை கல்யாணம் வருகிறது, பயமாக இருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: அப்பா சொல்வதை நம்புங்கள். அழுகையையும் சிரிப்பையும் அடக்கி ஆளும் நரம்புப் பாதை, மேல்மூளையிலிருந்து மூளைத்தண்டுக்கு இறங்குகிறது. அது அறுபட்டால் சின்னத் தூண்டலுக்கும் அழுகையோ சிரிப்போ பீறிடும். சுற்றி நின்று சமாதானம் சொன்னால் இன்னும் கூடும்; பேச்சை வேறு பக்கம் திருப்பினால் அடங்கும். முதல் கடிதத்தில் வந்த வீட்டுக்காரருக்கு உதவாத அதே மனச்சோர்வு மாத்திரை வகை, குறைந்த அளவிலேயே இதற்குப் பெரும்பாலும் கேட்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள், கல்யாணத்துக்குள் பலன் தெரிய வாய்ப்புண்டு. தெரியாவிட்டாலும், தாரை வார்க்கும்போது அப்பாவை அவர் இடத்தில் உட்கார வையுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.