வீட்டுக்கடனில் பிடித்த காசு திரும்ப வருமா?

கேள்வி: ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் இருந்த கடனை வேறு பேங்குக்கு மாற்றினேன். பாக்கித் தொகையில் 2 சதவீதம் ஃபோர்குளோஷர் சார்ஜ் என்று பிடித்துவிட்டார்கள். கேட்டால், 'அக்ரிமெண்டில் இருக்கிறதே, கையெழுத்து போட்டிருக்கிறீர்களே' என்கிறார்கள். — வாசகர், ஈரோடு

பதில்: ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறுகிற) வட்டியா, ஃபிக்ஸட் (மாறாத) வட்டியா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஃப்ளோட்டிங் என்றால் அந்தப் பணம் உங்களுடையது. தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்கும்போது இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கு, அவற்றைக் கண்காணிக்கும் நேஷனல் ஹவுசிங் பேங்க் அதற்கு முந்தைய வருஷமே சொல்லியாயிற்று. அந்தத் தடைக்கு எதிராக அக்ரிமெண்டில் என்ன அச்சடித்திருந்தாலும் செல்லாது.

ஃபிக்ஸட் என்றால் நிலைமை வேறு. கைப்பணத்தைப் போட்டு அடைத்திருந்தால் வீட்டுக்கடன் கம்பெனி கட்டணம் கேட்கக் கூடாது. இன்னொரு பேங்கிடம் வாங்கி அடைத்திருந்தால் கேட்கலாம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. ஒரு மாதம் பார்த்துவிட்டு நேஷனல் ஹவுசிங் பேங்கின் புகார்த் தளத்துக்குப் போங்கள். பேங்கில் வாங்கிய கடனாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைகேட்பு அதிகாரி) போக வேண்டும். இரண்டுமே இலவசம். 'வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு' என்று வருகிற ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சாங்ஷன் கிடைத்த பிறகு இன்னொரு பேங்கில் வட்டி கால் சதவீதம் குறைவு என்று தெரிந்து அங்கே போய்விட்டேன். முதல் பேங்கில் கட்டிய பிராசசிங் ஃபீ திரும்பக் கிடைக்குமா? — வாசகர், கோவை

பதில்: கிடைக்காது. விசாரித்துவிட்டுப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அப்பா மார்ச் 3-ஆம் தேதி கடைசி ரூபாய் வரை கட்டி முடித்தார். பத்திரம் மே 16-ஆம் தேதிதான் கைக்கு வந்தது. 'ஹெட் ஆபீஸிலிருந்து வரணும் சார்' என்றே இழுத்தார்கள். ஏதாவது கேட்க முடியுமா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பேங்கின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது, அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கணக்கில் மொத்தம் 74 நாள். 30 போனால் 44. பெருக்கிப் பாருங்கள், 2,20,000 ரூபாய். ஹெட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் பிரச்சினை. அப்பா பெயரில் இன்றைக்கே கடிதம் போடுங்கள். பத்திரத்தைத் தொலைத்திருந்தால் நகல் வாங்கும் செலவும் அவர்களுடையதுதான். அதற்கு மட்டும் இன்னொரு 30 நாள் அவகாசம் உண்டு.

கேள்வி: 40 லட்சம் கடன் கேட்டோம். 'இன்சூரன்ஸ் போட்டால்தான் ஃபைல் நகரும்' என்று சொல்லி 1,20,000 ரூபாய் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். பாலிசி வந்து மூன்று வாரம் ஆகிறது. — வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூன்று வாரம்தானே? நல்லவேளை. பாலிசியில் 'ஃப்ரீ லுக்' என்று ஒரு பகுதி இருக்கும். கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு கழிவு போகப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். நாளைக்கே எழுதுங்கள். வருகிற பணத்தை அசலில் கழிக்கச் சொல்லுங்கள்.

இந்த இன்சூரன்ஸ் விஷயத்தில் எனக்கு நெடுநாள் எரிச்சல். வீட்டுக்கடன் வாங்குபவர் ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் மேஜையில் அது சட்டம் மாதிரியே பேசப்படும். பில்டர் ஒருபக்கம் பணம் கேட்டு நெருக்குகிறார், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஃபாரத்தை நீட்டினால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? அந்த ஃபாரத்திலேயே 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஒரு வரியும் இருக்கும். எவ்வளவு அழகான விருப்பம்!

பிரீமியத்தைக் கடனில் சேர்ப்பது அதைவிட மோசம். 1,20,000 ரூபாய்க்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷம் ஈ.எம்.ஐ. கட்டினால் மாதம் சுமார் 1,040 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லட்சம். கடன் 20 வருஷம், பாலிசி 5 வருஷம் என்று விற்கிற கூத்தும் நடக்கிறது. குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்தால் பேங்க் மாறினாலும் அது கூடவே வரும்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்பட்ட கடன் என்றால் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் என்ற தாளைத் தந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ், லீகல் கட்டணம் உட்பட எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. அந்தத் தாளை எடுத்து, கணக்கில் கழிந்ததோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மேலே சேர்த்து விற்பதை நானும் வாங்கியிருக்கிறேன். வாஷிங் மெஷினோடு எடுத்த எக்ஸ்டெண்டட் வாரண்டியில் இன்றைக்கும் பழுதாகாமல் இருப்பது அதன் அட்டை மட்டும்தான்.

கேள்வி: பேங்க் தந்த கடன் செக்கில் 5-ஆம் தேதி. பில்டர் கைக்குப் போனது 27-ஆம் தேதி. ஆனால் 5-ஆம் தேதியிலிருந்தே வட்டி போட்டிருக்கிறார்கள். — வாசகர், சென்னை

பதில்: தப்பு. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இதே பழக்கத்தைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. 22 நாள் வட்டியைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 11 வருஷம் முன்பு வாங்கிய கடன். என்னென்னவோ கட்டணம் பிடித்தார்கள். எதையும் படிக்கவில்லை, அக்ரிமெண்ட் காப்பியும் வாங்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் திரும்ப வாங்க வழி சொல்லவும். — வாசகர், சேலம்

பதில்: எதைத் திரும்ப வாங்க? உங்களுக்கே தெரியவில்லையே ஐயா. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் ஏற்பார்கள், 'படிக்கவில்லை' என்பது காரணம் ஆகாது. அக்ரிமெண்ட் காப்பி கொடுப்பது கடன் கொடுத்தவர் கடமை, அதையாவது இப்போது கேட்டு வாங்குங்கள். கூடவே கணக்கு ஸ்டேட்மெண்டும். படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஸ்பெயினில் வீட்டுக்கடன் செலவுகளை மக்கள் பேங்கிடமிருந்து திரும்ப வாங்கினார்களாமே, இங்கே ஏன் அப்படி இல்லை? — வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். எல்லாச் செலவும் கடன் வாங்குபவர் தலையில் என்ற நிபந்தனையை 2015 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பின்வந்த தீர்ப்புகளில் பதிவுக் கட்டணம் முழுதும், நோட்டரி கட்டணத்தில் பாதியும் பேங்க் பொறுப்பாயிற்று. முத்திரை வரி மட்டும் பழைய கடன்களில் வாடிக்கையாளரிடமே நின்றது. 2018 நவம்பரில் சட்டத்தை மாற்றித்தான் அதைப் பேங்கிடம் தள்ளினார்கள்.

இங்கே எம்.ஓ.டி. (பத்திரத்தைப் பேங்கில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) முத்திரைத் தீர்வையும் லீகல் ஃபீஸும் நம் தலையில்தான் விழுகின்றன. ஆனால் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாகவே ஒரு பிரிவு உண்டு. நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத அபராதமெல்லாம் அதில் வரும். மாவட்ட ஆணையத்தில் அந்தப் புகார் எடுபடாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கிற தொகைக்கு அவ்வளவு தூரம் யார் போவார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

கேள்வி: கடன் முடிந்து பத்திரமும் வந்துவிட்டது. வில்லங்கச் சான்றில் மட்டும் இன்னும் பேங்க் பெயர் காட்டுகிறது. — வாசகர், திருச்சி

பதில்: எம்.ஓ.டி. பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிய வேண்டும், பேங்க் அதிகாரி வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் தருவது போலவே பதிவான பொறுப்பை நீக்குவதற்கும் 30 நாள்தான் என்று அதே 2023 உத்தரவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுத் தேதி கேளுங்கள். பதிந்து முடிந்ததும் புது வில்லங்கம் ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.