காலை வாசிப்பும் பன்னிரண்டு மணி எண்ணும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் ரங்கூனில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளும் இருக்கிறார்கள். சிறு பிள்ளையிலிருந்தே தமிழ்ச் சபையில் வளர்ந்தவன். தினமும் காலையில் வேதம் வாசிக்கிறவன். ஆனாலும் மூன்று வருஷமாக டூ-டி என்ற எண் சூதாட்டத்தில் பணம் கட்டும் பழக்கத்தில் விழுந்து கிடக்கிறேன். ஆயிரம் சாட்டில் (எங்கள் ஊர்ப் பணம்) தொடங்கினேன். இப்போது ஒரு வேளைக்குப் பத்தாயிரம் கட்டுகிறேன். "இன்றைக்குக் கட்ட மாட்டேன்" என்று ஜெபம் செய்துவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்குகிறேன். பதினொன்றரை மணி ஆனதும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது.

இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. சில மாதங்களாக, காலையில் வாசித்த சங்கீதத்தின் எண்ணையே கட்டி வருகிறேன். ஒரு நாள் 37 விழுந்தது. கர்த்தர் கொடுத்தார் என்று கடையிலேயே கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னேன். அப்போஸ்தலர்களும் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள் என்று மனம் வாதாடுகிறது. மனைவிக்குத் தெரியாத கடன் சேர்ந்துவிட்டது. வேதத்தை வாசித்தும் சோதனையை ஜெயிக்க முடியாவிட்டால் வாசிப்பதில் என்ன பயன்? வாசிப்பதை நிறுத்திவிடுவதுதான் நேர்மை என்று சில நாட்களில் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், ரங்கூன்.

*

அன்புள்ள தம்பி,

வாசிப்பை நிறுத்த வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உங்களை வெட்கப்படவைத்தது எதுவோ, அதுதான் உங்களுக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. காலையில் கேட்ட வார்த்தை பதினொன்றரை மணிக்கு உங்களைக் குத்தாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

வேறு நாடுகளிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். டூ-டி என்பது எங்கள் ஊர்களில் மூலைக்கு மூலை நடக்கும் இரண்டு இலக்கச் சூதாட்டம். தாய்லாந்துப் பங்குச் சந்தையின் எண்களிலிருந்து இரண்டு இலக்கங்களை எடுத்து, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று திங்கள் முதல் வெள்ளிவரை வாரத்துக்குப் பத்து முறை முடிவு வருகிறது. சட்டம் இதை அனுமதிக்கவில்லை. ஆனாலும் டீக்கடையில் பக்கத்து மேசையிலிருப்பவர் எண் எழுதிக்கொள்கிறார், இப்போதோ கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். 00 முதல் 99 வரை நூறு எண்கள் இருக்கின்றன. கட்டிய எண் விழுந்தால் பெரும்பாலும் எண்பது மடங்கு கொடுக்கிறார்கள். நூறு எண்களிலும் ஆயிரம் ஆயிரமாக ஒருவர் கட்டினால் அவர் கையைவிட்டுப் போவது ஒரு லட்சம் சாட், திரும்பி வருவது எண்பதாயிரம். அந்த இருபதாயிரம் யார் வீட்டு அரிசி என்பதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் கணக்குத் தெரியாமல் நீங்கள் கட்டவில்லை. மின்சாமான் கடையில் விலைப்பட்டியல் எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு ஒரு நிமிட வேலை.

உங்களைப் பேராசைக்காரர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தின்மேல் இந்த நாட்டு மக்களுக்கு இருந்த நம்பிக்கை பல முறை உடைக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகளெல்லாம் அரசுடைமையாகி, நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. 1987 செப்டம்பரில் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து சாட் நோட்டுகள் அதே கதிக்கு வந்தன. என் தகப்பனார் மாற்ற முடியாமற்போன ஒரு நூறு சாட் நோட்டைத் தம் வேதாகமத்தில் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் வைத்திருந்தார். ஓரம் மஞ்சளித்து, மடிப்பில் கிழிந்த அந்த நோட்டு இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. காலையில் பணமாக இருந்தது மாலையில் காகிதமானதைக் கண்ட வீட்டில், "சேர்த்து வைத்து என்ன ஆகப்போகிறது, ஒரு எண்ணில் போட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சு எப்படிப் பிறக்கிறது என்பதை நான் அறிவேன். அந்தப் பேச்சுக்கு நானும் செவிகொடுத்திருக்கிறேன். அரிசி விலையும் எண்ணெய் விலையும் இன்றிருக்கிற நிலையில் அது இன்னும் சத்தமாகக் கேட்கும்.

இப்போது அந்த 37-க்கு வருகிறேன். நான் அதிகமாகக் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். நீங்கள் தோற்ற நாட்கள்கூட எனக்கு அவ்வளவு பயம் தரவில்லை.

வனாந்தரத்தில் நம் கர்த்தர் சோதிக்கப்பட்ட பகுதியை மத்தேயு 4-இல் மறுபடியும் எடுத்து வாசியுங்கள். இயேசு வசனத்தைக் கொண்டு பிசாசை எதிர்த்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்றபோது பிசாசும் வசனம் சொன்னான் என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தேவதூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று அவன் எடுத்துக்காட்டியது 91-ஆம் சங்கீதத்திலிருந்து. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சங்கீதத்தை அவன் ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தப் பார்த்தான்; தேவன் சொன்னபடி செய்வாரா என்று குதித்துப் பார்க்கச் சொன்னான். அதற்கு வந்த பதில், "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது. அந்தப் பதில் உபாகமம் 6-லிருந்து வருகிறது, அங்கே மாசா என்ற இடத்தின் பெயரும் சொல்லப்பட்டிருக்கிறது. மாசாவில் தண்ணீரில்லாமல் தவித்த இஸ்ரவேல் ஜனங்கள், "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்கள். தம்பி, காலையில் 37-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு நண்பகலில் 37-ஐக் கட்டியபோது நீங்கள் கேட்டதும் இதே கேள்விதான். எண் விழுந்தால் அவர் என்னோடிருக்கிறார், விழாவிட்டால் இல்லை. எண் விழுந்த அந்த நாளில் நீங்கள் சிந்திய கண்ணீர் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆகவேதான் பயப்படுகிறேன். "பொல்லாதவர்களைக் குறித்து எரிச்சலடையாதே" என்று தொடங்கி, கர்த்தரை நோக்கி அமர்ந்து காத்திரு என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சங்கீதத்தில், தலைப்பிலிருந்த இலக்கம் மட்டும் உங்களோடு கடைக்கு வந்து, மற்றதெல்லாம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மத்தியாவின் சீட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே யாரும் பணம் கட்டவில்லை, யாருடைய நஷ்டமும் இன்னொருவருக்கு லாபமாகவில்லை. தகுதியுள்ள இருவரை நிறுத்தி, ஜெபம்பண்ணி, அவர்களில் ஒருவரைத் தெரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

வாசிப்பதில் என்ன பயன் என்று கேட்டீர்கள். 119-ஆம் சங்கீதத்தில் நமக்கெல்லாம் மனப்பாடமான வசனம் ஒன்று உண்டு: "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்." 'வைத்தேன்' என்று சொன்னால் போதாதா, ஏன் 'வைத்துவைத்தேன்'? தமிழ் அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பிடித்துக்கொள்ளும் முன்னே கருவாட்டையும் புளியையும் விறகையும் நம் வீட்டுப் பெண்கள் வைத்துவைப்பார்கள். தேவைப்படும் நாளில் கடைக்கு ஓட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். சோதனை வரும் வேளையும் அப்படித்தான். பதினொன்றரை மணிக்கு வேதாகமத்தைத் திறந்து தேட நேரம் இருக்காது. வைத்துவைத்தது மட்டும் கைக்கு வரும்.

இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. 1813-இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் வேதத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசருக்கும் யுத்தம் மூண்டு, அவரை அன்றைய தலைநகரான ஆவாவில் சிறைப்படுத்தியபோது, புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் அம்மையார் முதலில் வீட்டருகே மண்ணில் புதைத்தார். மழையில் நனைந்துவிடும் என்று எடுத்து, யாரும் ஆசைப்படாத ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குக் கொடுத்தனுப்பினார். ஜட்சன் விலங்கிட்ட கால்களோடு அதன்மேல் தலைவைத்துப் படுத்தார். பிறகு அவரை வேறு இடத்துக்கு இழுத்துச் சென்றபோது எறியப்பட்ட அந்தத் தலையணையை, உள்ளே இருப்பதை அறியாமலே, மாங் இங் என்ற விசுவாசி நினைவுப்பொருளாக எடுத்து வைத்திருந்தார். மாதங்கள் கழிந்து பிரதி சேதமில்லாமல் கிடைத்தது. வேதம் முழுவதையும் 1834-இல் மௌல்மீனில் அவர் பெயர்த்து முடித்தார். ஓர் இரவும் அவர் அந்தத் தலையணையைப் பிரித்து வாசித்திருக்க முடியாது. ஆனாலும் அதில் என்ன இருக்கிறது என்று அறிந்து அதன்மேல் தலைசாய்த்தார்.

என் சொந்த அனுபவம் ஒன்றும் சொல்கிறேன். இளவயதில் ஓர் அரிசிக் கடையில் கணக்கெழுதினேன். கடைக்குள் அரிசி அளக்கும் படிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் அடித்தகட்டை உள்பக்கமாகத் தட்டி மேடாக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தெரிந்த முகத்துக்கு ஒரு படி, தெரியாத முகத்துக்கு மற்றது. நான் அளக்கவில்லை, எழுத மட்டும் எழுதினேன் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த நாட்களில் நீதிமொழிகளை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்து வந்தேன். பதினோராம் தேதி வந்தால் பதினோராம் அதிகாரம், அதன் முதல் வசனம், "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." ஒரு மாதம் கடந்தேன், அடுத்த மாதம் கடந்தேன். எட்டாவது மாதம் அதே பதினோராம் தேதி, கைக்குழந்தையோடு வந்த ஒரு மோன் இனப் பெண்ணுக்கு அந்த மேட்டுப் படியால் அளந்ததைப் பார்த்துக்கொண்டு பேனாவைப் பிடித்திருந்தேன். எண்ணை எழுத முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். எட்டு மாதமும் வாசிப்பு வீணாகப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமாக வந்த மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது, மறுநாளுக்கு வைத்தது புழுத்தது என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. ஆனால் அதை அன்றன்றும் தின்றவர்களின் கால்கள் நாற்பது வருஷம் நடந்தன.

ஆகவே உங்களுக்குச் சில காரியங்கள் சொல்கிறேன். சங்கீதங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றின் எண்கள் உங்களுக்குக் கண்ணியாகிவிட்டன. உபாகமம் 6, 7, 8 ஆகிய மூன்று அதிகாரங்களை மட்டும் ஒரு மாதம் வாசியுங்கள். கர்த்தர் வனாந்தரத்தில் சொன்ன மூன்று பதில்களும் 6-ஆம், 8-ஆம் அதிகாரங்களில் இருக்கின்றன. அதிகார எண்ணைப் பார்க்காதபடி, மனைவியையோ மகளையோ வாசிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் இவைகளைப் பேசு என்று அங்கே எழுதியிருக்கிறது. காலையில் மட்டும் வாசி என்று எழுதவில்லை. ஆகவே ஒரு வசனத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பதினொன்றே கால் மணிக்குக் கடைக்கு வெளியே நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அதோடு கைப்பேசியை அந்த ஒரு மணி நேரம் உடன் வேலைபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இதை விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம். எஜமானின் மனைவி வற்புறுத்தியபோது யோசேப்பு போத்திபாரின் வீட்டில் நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று பவுல் எழுதும்போது, அந்தப் போக்கு சில வேளைகளில் கடையின் பின்வாசலாகவும் இருக்கலாம். சம்பளத்தை மனைவியிடமே நேராகச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாகச் சொல்வதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். கடன் எவ்வளவு என்பதை இன்றிரவே அவரிடம் சொல்லுங்கள். தொகையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். அந்த 37 விழுந்த பணம் எங்கே போனது என்பதையும் சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமலிருக்கலாம், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் போதகரைப் பார்க்க இருவரும் சேர்ந்து போக முடிந்தால் நன்று. மறைத்து வைத்திருக்கும்வரை கடனை அடைக்க ஒரு பெரிய எண் விழுந்தாக வேண்டும் என்ற நினைப்பு உங்களை விடாது. அந்தச் சூதாட்டத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டாளி வேறு கிடையாது.

நடுவில் ஒரு நாள் மறுபடி விழுந்துவிட்டாலும் மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறவுங்கள். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்று எழுதியிருக்கிறது.

இந்த வாரத்தின் கடைசி முடிவு வெள்ளிக்கிழமை மாலை வரும். அது வந்துபோன பிறகு, ஐந்து மணிக்குமேல், எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை தினமும் பதினொன்றே கால் மணிக்கு நானும் என் வீட்டில் அதே உபாகமம் 8-ஐத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் பேரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
ஐயா