மொரீஷியஸ் நாட்டின் ஆட்சிமுறை எப்படிப்பட்டது? அதில் தமிழர்களுக்கு இடம் இருக்கிறதா?

வேலை விஷயமாக மூன்றரை வருடம் அங்கே இருந்தேன். அலுவலகம் எபேனில், வீடு பக்கத்திலேயே கத்ர் போர்னில். 2024 நவம்பர் பொதுத்தேர்தலையும் அப்போதுதான் பார்த்தேன். தெருவுக்குத் தெரு சிவப்பு, ஊதா, ஆரஞ்சு என்று கட்சித் துணிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள்.

அமைப்பு நமக்குப் பழகியதுதான். 1968 மார்ச் 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை. 1992-ல் அதே மார்ச் 12 அன்று குடியரசு. ஒரே அவை. அதிகாரமெல்லாம் பிரதமரிடம். குடியரசுத் தலைவரை அந்த அவையே தேர்ந்தெடுக்கிறது. வழக்குகளுக்குக் கடைசிப் படி இன்றைக்கும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். விடுதலை பெற்றதிலிருந்து இதுவரை பிரதமர் ஆனவர்கள் ஐந்தே பேர்: ராம்கூலம் தந்தையும் மகனும், ஜகந்நாத் தந்தையும் மகனும், இடையில் 2003 முதல் 2005 வரை பால் பெராஞ்ஜே. தமிழர் யாரும் அந்த நாற்காலிக்கு வந்ததில்லை.

வாக்களிக்கும் முறைதான் வித்தியாசமானது. பெரிய தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். ரொட்ரீக்ஸ் தீவுக்கு இரண்டு பேர். மொத்தம் 62. வாக்காளர் மூன்று பேருக்குக் குறி போட்டே ஆக வேண்டும், குறைத்துப் போட்டால் சீட்டு செல்லாது. மக்கள் பெரும்பாலும் ஒரே கூட்டணியின் மூவருக்கும் போட்டுவிடுவதால், காற்று ஒரு பக்கம் அடித்தால் மற்றவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது. 1982, 1995, 2024 என மூன்று முறை பெரிய தீவின் 60 இடங்களையும் ஒரே அணி அள்ளிக்கொண்டது.

அப்புறம் எதிர்க்கட்சி எங்கிருந்து வரும்? அங்கேதான் 'பெஸ்ட் லூசர்' ஏற்பாடு கைகொடுக்கிறது. தோற்றவர்களில் தங்கள் தொகுதியில் நல்ல விழுக்காடு வாங்கியவர்கள் எட்டுப் பேர் வரை அவைக்குள் எடுத்துக்கொள்ளப்படலாம். முதலில் எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைவோ அந்தச் சமூகத்தவருக்கு, பிறகு கட்சிகளின் கணக்கு குலையாதபடி மற்றவை. 2024-ல் தோற்ற ஆளுங்கூட்டணி அவைக்குள் நுழைந்ததே இந்த வழியில்தான்.

சமூகம் என்றால்? அரசியலமைப்பின் அட்டவணையில் நான்கு பெட்டிகள் இருக்கின்றன: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள். வாழும் முறையைப் பார்த்து முதல் மூன்றில் சேராதவர் எல்லோரும் நான்காவது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றலும், கரும்புத் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக் குடும்பத்தின் வாரிசும் அதே பெட்டிக்குள். தமிழருக்கும் தெலுங்கருக்கும் மராட்டியருக்கும் தனிப்பெட்டி கிடையாது, எல்லோரும் 'இந்து'. வேட்பாளர் தன் பெட்டியை மனுவில் எழுத வேண்டும். எழுத மறுத்த எத்தனையோ பேரின் மனுக்கள் தள்ளுபடி ஆகியிருக்கின்றன. இதைவிட எனக்கு உறுத்தலானது, யாருக்கு எத்தனை இடம் என்ற கணக்கு இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே போடப்படுகிறது என்பது. அதற்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். 2012-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது முறையல்ல என்று சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் பெட்டியை எழுதாமல் நிற்கலாம் என்று தற்காலிகமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்.

இதை ஒழித்துவிட வேண்டியதுதானே என்று வீட்டுக்கார அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். தமிழ்ப் பெயர், தைப்பூசக் காவடிக்கு விரதம், ஆனால் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தெருவில் எல்லோருக்கும் அவர் 'தாந்தீன்' (அத்தை), எனக்கும் அப்படித்தான். விடுதலைக்கு ஒன்றரை மாதம் முன்பு, 1968 ஜனவரியில், தலைநகர் போர்ட் லூயியில் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கலவரத்தைப் பற்றிச் சொன்னார். அவருடைய அப்பா ஒரே இரவில் துணிமூட்டையோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோஸ் ஹில்லில் உறவினர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். "அந்த எட்டு நாற்காலி யாருக்குப் போகுதுன்னு எனக்குக் கவலை இல்லை. யாரும் வெளியே நிற்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு என்னால் இதை வெறும் பழைய விதி என்று தள்ள முடியவில்லை. பெட்டிகள் போக வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சிறிய கூட்டங்களுக்கும் இடம் கிடைக்கும் வேறொரு வழி, விகிதாச்சார முறை போல ஏதாவது, முதலில் வர வேண்டும்.

சரி, தமிழர்கள். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் வீராசாமி ரிங்காடு தமிழர். 2018 மார்ச்சிலிருந்து 2019 இறுதிவரை பொறுப்புத் தலைவராக இருந்தவர் பரமசிவம் பிள்ளை வையாபுரி. எனக்கு மிகவும் பிடித்தது 2002 பிப்ரவரிக் கதை. பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மனம் ஒப்பாமல் குடியரசுத் தலைவர் காசிம் உத்தீம் பதவி விலகினார். அவை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பினால் தலைவர் மறுக்க முடியாது, போடலாம் அல்லது போகலாம். அடுத்து பொறுப்புக்கு வந்த துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரும் சில நாளிலேயே விலகினார். கடைசியில் பொறுப்பேற்ற தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளைதான் கையெழுத்திட்டார். அலங்காரப் பதவி என்று சொல்லப்படும் நாற்காலியை மனசாட்சிக்காக ஒரே வாரத்தில் இரண்டு பேர் விட்டுப் போன நாடு அது. அந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இரண்டு வருடம் அங்கே தங்கியிருந்தால் வாக்காளராகப் பதியலாம். நான் பதியாமல் விட்டது இன்றைக்கும் வருத்தம்.

அங்கே செலவழிக்காமல் கொண்டுவந்த 100, 200 ரூபாய் நோட்டுகள் மேசையில் இருக்கின்றன. 1998-ல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்ததும் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் எழுத்து. நூறில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வழக்கறிஞர், விடுதலைக்கு முன்பே மறைந்த அமைச்சர். இருநூறில் அப்துல் ரசாக் முகமது, அந்த எட்டு நாற்காலிகள் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்.