முதலாளி காரைக்குடியில், கடை ரங்கூனில்

வணக்கம் ஐயா,

கரூரில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட கடையிலிருந்து போன் வந்துவிடும். நான் இல்லாமலும் கடை ஓட வேண்டும். நல்ல மேனேஜர் கிடைத்தால் போதும் என்கிறார் மனைவி. ஆளை நம்பி விட எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

மேனேஜரைப் பிறகு தேடலாம். இப்போது இருக்கிற நிலையில் எவ்வளவு கெட்டிக்காரரை உட்கார வைத்தாலும் அவரும் உங்களுக்குத்தான் போன் போடுவார்.

நூறு வருடத்துக்கு முன் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளைப் பாருங்கள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை பர்மாவில் இருக்கும். நடுவில் கடல். கடையை நடத்தியவர் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். சம்பளத்தை முன்கூட்டியே பேசி முடித்து, ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுவார்கள். லாபத்திலும் பங்கு உண்டு. முதலாளி சார்பில் கொடுக்கல் வாங்கல் செய்ய அவருக்கு முக்தியார் அதிகாரம் இருந்தது. ஆனால் வட்டியை அவர் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி ‘நடப்பு வட்டி’ என்று ஒன்றை நிர்ணயித்தார்கள். அதை வைத்துத்தான் மற்றக் கணக்கெல்லாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஏஜெண்டின் தவணை. பொதுவாக மூன்று வருடம். அப்புறம் அவர் ஊர் திரும்ப, வேறொருவர் பொறுப்பேற்பார். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எதன் பேரில் கொடுத்தோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கப்பல் ஏற முடியாது. எல்லாம் பேரேட்டில் இருந்தாக வேண்டும். முதலாளி இல்லாமல் மட்டுமல்ல, குறிப்பிட்ட அந்த ஏஜெண்டு இல்லாமலும் கடை ஓடியது. மேனேஜர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டால் உங்கள் சிக்கல் அவரிடம் இடம் மாறும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு போனையும் ஒரு மாதம் எழுதி வையுங்கள். என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள். “அண்ணே, மேஸ்திரி இருபதாயிரத்துக்குச் சரக்கு கடனாகக் கேட்கிறார், போடலாமா?” நீங்கள் சரி என்பீர்கள், அல்லது வேண்டாம் என்பீர்கள். பழைய பாக்கி எவ்வளவு, எந்த வீட்டு வேலை, வீட்டுக்காரர் ஒழுங்காகப் பணம் தருகிறவரா என்று ஒரு நொடியில் உங்கள் மனதில் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. அந்த ‘ஏன்’தான் காகிதத்துக்கு வர வேண்டும். பாக்கி இவ்வளவுக்கு மேல் போனால் கடன் கிடையாது, தள்ளுபடி இத்தனை சதவீதம் வரை நீங்களே கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் மட்டும் என்னைக் கேளுங்கள். கேள்விகளில் பெரும்பாலானவை திரும்பத் திரும்ப வருபவை என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் பயம் நியாயமானது. நகரத்தாருக்கு ஒரு வசதி இருந்தது. ஏஜெண்டு பெரும்பாலும் அதே சமூகத்துக்காரர். ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது. உங்களுக்கு அது இல்லை. எனவே கடன் போடுபவரும் வசூலிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். சரக்கு இருப்பை மாதம் ஒருமுறை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காலம் மாறுவதைக் கவனித்து முடிவெடுப்பதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழுந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கடைகளிடம் வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நெல் நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1938-க்குள் அது சுமார் 25 சதவீதமானது. வட்டிக்குவிட்ட பணம் வயலாகத் திரும்பியது, பர்மியர்களின் கோபமும் கூடவே வந்தது. கணக்கு ஒழுங்காக நடந்த கடைகள்தான் அவை. காலம் மாறுவதைப் பேரேடு சொல்லாது. எந்த கம்பெனிப் பெயின்ட்டை நிறுத்துவது, கட்டட வேலை குறைகிறபோது கடனை எப்போது இறுக்குவது என்பதெல்லாம் உங்கள் வேலை. போன் தொல்லை குறைந்தால் கிடைக்கும் நேரம் இதற்குத்தான்.

நோட்டு நிரம்பியதும் எழுதுங்கள். மேனேஜரை வெளியே தேடும் முன், அந்த நாலு பேரில் யார் அதைப் படித்துவிட்டு நல்ல கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள்.

அன்புடன்