மூன்றாவதாக வந்தவர் எங்கே?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தேர்தல் முடிவு வந்த மறுநாளே எல்லோரும் காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். தலைவரின் முகம் என்கிறார் ஒருவர், பணம் என்கிறார் இன்னொருவர், விலைவாசி என்கிறார் மூன்றாமவர். எங்கள் தொகுதி உறுப்பினர் ஒழுங்காக வேலை செய்தவர். அவர் வாங்கும் வாக்குகளும் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் தோற்றுவிட்டார். மக்கள் எதைப் பார்த்துத்தான் வாக்களிக்கிறார்கள்?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டு, ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வாக்குகள் குறையவில்லை என்றால், வாக்காளரின் மனத்தைத் துழாவுவதற்கு முன் வேறொன்றைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு எதிரான வாக்குகள் சென்ற முறை எத்தனை பேரிடம் சிதறிக் கிடந்தன? இம்முறை எத்தனை பேரிடம் சேர்ந்தன?

பிரிட்டனைப் பாருங்கள். 2017-இல் தொழிற்கட்சி 40 சதவீத வாக்குகள் வாங்கி, 262 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. 2024-இல் அதே கட்சி வாங்கியது 33.7 சதவீதம். கிடைத்ததோ 650-இல் 411 இடங்கள். எண்ணிக்கையில் பார்த்தால் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் குறைவு! மறுபக்கத்தில் அதுவரை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி 23.7 சதவீதத்துக்குச் சரிந்தது. அதே வலதுசாரி வாக்குகளுக்குப் போட்டியிட்ட ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கியது. அதற்குக் கிடைத்தவை ஐந்தே இடங்கள். அந்த இரண்டையும் கூட்டி, ஒன்றாக நின்றிருந்தால் அவர்களே வென்றிருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. வாக்குகள் அப்படிச் சிந்தாமல் சிதறாமல் இடம் மாறுவதில்லை. ஆனாலும் வென்றவரின் வளர்ச்சியைவிடத் தோற்றவரின் பிளவு அங்கே பெரிய வேலை செய்தது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1984-இல் தி.மு.க. 29 சதவீத வாக்குகளோடு 24 இடங்களில் வென்றது. 1989-இல் 33 சதவீதம், 150 இடங்கள். நான்கு சதவீதம் கூடியதற்கா இத்தனை இடங்கள்? எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றது, காங்கிரஸும் தனியே நின்றது. முதல் எண்ணைப் பார்த்தால் சுமாரான முன்னேற்றம், இரண்டாவதைப் பார்த்தால் பேரலை. நாம் எப்போதும் இரண்டாவதை வைத்துத்தான் கட்டுரை எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி பெறும் முறையில், வாக்கு எங்கே விழுகிறது என்பதற்கும் எத்தனை விழுகிறது என்பதற்கும் சமமான எடை உள்ளது. கனடாவில் 1993-இல் ஆளுங்கட்சி 16 சதவீதம் வாங்கியும் இரண்டே இடங்களில் வென்றது. அதைவிடக் குறைவாக, 13.5 சதவீதம் வாங்கிய பிளாக் கெபெக்வா 54 இடங்களைப் பிடித்தது. அது கெபெக் மாகாணத்தில் மட்டும் நின்ற கட்சி, அதன் வாக்குகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. நியூசிலாந்தில் 1978, 1981 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் குறைந்த வாக்கு வாங்கிய கட்சியே ஆட்சியில் நீடித்தது. பொறுத்துப் பார்த்த மக்கள் 1993-இல் பொதுவாக்கெடுப்பில் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் அங்கே கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் அமைகின்றன.

உங்கள் நண்பர்கள் சொன்னவை பொய் என்று சொல்லவில்லை. விலைவாசி ஆளுங்கட்சியைக் கடிக்கும்; அந்தக் கட்சியின் கொள்கை என்ன என்று கேட்டுவிட்டுக் கடிக்காது. பணத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதிகம் செலவழித்தவர் வென்றார் என்ற பட்டியலைக் காட்டி, செலவே வெற்றியைத் தந்தது என்பார்கள். வெல்லக்கூடியவரைத் தேடித்தானே நன்கொடையே போகிறது? குதிரை முந்தியதால் பணம் கட்டினார்களா, பணம் கட்டியதால் குதிரை முந்தியதா என்று அந்தப் பட்டியலால் சொல்ல முடியாது.

வாக்களிக்க வராதவர்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1922-இல் 60 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். 1924-இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலிலேயே 90 சதவீதத்தைத் தாண்டியது. வாக்காளர் பட்டியல் வேறு, வாக்களிக்கும் மக்கள் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

அதே நாட்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. அகர வரிசைப்படி வாக்குச்சீட்டு அச்சிடப்பட்ட காலத்தில், 1937 செனட் (மேலவை) தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்நாட்டுத் தொழிற்கட்சி நிறுத்திய நால்வர் பெயர்கள் அமோர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. ஆங்கிலத்தில் நான்குமே முதல் எழுத்தான A-இல் தொடங்குபவை. நால்வரும் வென்றார்கள். பிறகுதான் பெயர்களின் வரிசையைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கும் முறை வந்தது. வாக்காளர் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் எண் போட வேண்டும்; யோசிக்காமல் மேலிருந்து கீழாக எண் போட்டுக்கொண்டே போகும் வாக்குக்கு அங்கே 'கழுதை வாக்கு' என்று பெயர்.

உங்கள் உறுப்பினரின் உழைப்புக்கு வருகிறேன். அது அவருக்குச் சில வாக்குகளைக் கூடுதலாகத் தந்திருக்கும், சந்தேகமில்லை. கடும் போட்டியில் அதுவே காப்பாற்றவும் செய்யும். ஆனால் சென்ற தேர்தலின் முடிவை எடுத்து, மூன்றாவதாக வந்தவர் எத்தனை வாக்கு வாங்கினார், இம்முறை அவர் நின்றாரா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். நின்றிருந்தாலும் எழுதுங்கள், அப்போது நான் சொன்னது தவறாகிவிடும்.