டென்யூர் மறுப்பு: உள்முறையீடு முடியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். துறையில் பெரும்பான்மை ஆதரவு இருந்தும், பல்கலைக்கழகத்தின் கல்வித் தலைமை அதிகாரியான புரோவோஸ்ட் எனக்கு டென்யூர் (நிரந்தரப் பேராசிரியர் பணி) மறுத்துவிட்டார். என்னைவிடக் குறைவாக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்ட ஆண் சக ஊழியருக்குக் கிடைத்திருக்கிறது. ஓராண்டு இறுதி ஒப்பந்தம் தந்திருக்கிறார்கள்; அது முடிந்தால் வேலை போய்விடும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் உள்முறையீட்டின் முடிவு வரும்வரை வெளியே புகார் கொடுக்க வேண்டாம் என்கிறார் ஓர் ஆலோசகர். காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. பாலினப் பாகுபாடு என்று நீங்கள் நினைத்தால், கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் பதிய 180 நாள்தான் அவகாசம். மாநிலத்திலும் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் பொதுவாக 300 நாள். முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து இதை எண்ணுவார்கள், வேலையின் கடைசி நாளிலிருந்து அல்ல. உள்முறையீடு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது.

இதில் சிக்கியவர் டெலவேர் மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ரிக்ஸ். லைபீரியாவைச் சேர்ந்தவர்; பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டினார்கள் என்பது அவர் புகார். 1974-இல் டென்யூரை மறுத்து, உங்களுக்குத் தந்தது போலவே ஓராண்டு ஒப்பந்தம் தந்தார்கள். அவர் உள்முறையீடு செய்தார், அதுவும் தோற்றது. 1975 ஏப்ரலில் புகார் கொடுத்தபோது வேலையில்தான் இருந்தார். ஆனாலும் காலம் கடந்துவிட்டது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகளுக்கே ஒப்பாத விதி, ஆனால் இன்றும் அதுதான் விதி. முறையீட்டுக் குழுக்கள் ஆற அமர உட்கார்ந்து பேசுவது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஆய்வு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று நீதிமன்றம் மதிப்பெண் போடாது. ஒரே அளவுகோல் இருவருக்கும் பொருந்தியதா என்றுதான் பார்க்கும். அந்தச் சக ஊழியரின் வெளியீட்டுப் பட்டியல், உங்கள் ஆண்டு மதிப்பீடுகள், துறையின் எழுத்துமூல விதிகள் எல்லாவற்றையும் சேருங்கள். ரகசியம் என்று சொல்லும் மதிப்பீட்டுக் கோப்பையும் ஆணையம் கேட்டு வாங்க முடியும். பென்சில்வேனியா பல்கலைக்கழக வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதிசெய்தது. நீதிமன்றமே டென்யூர் வழங்க உத்தரவிட்டதும் உண்டு: பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஜூலியா பிரவுன் வென்றார். அபூர்வம்தான், அதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம் அந்த ஆலோசகர். வழக்கறிஞர் உரிமம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். இல்லை என்றால், கெடுவைப் பற்றி வாய் திறக்கவே அவருக்குத் தகுதியில்லை. 'புரோவோஸ்டை எனக்குத் தெரியும், பேசி முடித்துத் தருகிறேன்' என்று முன்பணம் வாங்குகிறவர்கள் இந்தத் துறையில் ஏராளம். முறையீடு தோற்றால் அவர்களுக்கு நஷ்டமில்லை, உங்கள் 300 நாள் போய்விடும்.

இன்னொரு வலை: 'நீங்களே ராஜினாமா செய்தால் நல்ல பரிந்துரைக் கடிதம் தருகிறோம்' என்பார்கள். கூடவே நீட்டும் காகிதத்தில் வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு 40 வயது ஆகியிருந்தால், வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது யோசிக்க 21 நாள் தர வேண்டும்; கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். ஆனால் கவனியுங்கள், சட்டம் கட்டாயமாக்கும் இந்த அவகாசம் வயது சார்ந்த உரிமைக்கு மட்டும்தான். நாள் கணக்கில் அவர்கள் தவறினால் அந்த ஒரு உரிமை உங்களிடமே இருக்கும். பாலினம் பற்றிய உரிமை அதனால் தானாகத் திரும்பி வராது. 40 ஆகவில்லை என்றால் இந்த விலக்கையே மறந்துவிடுங்கள்.

நீங்கள் எச்-1பி விசாவில் இருந்தால், வேலை முடிந்தபின் அதிகபட்சம் 60 நாள்தான் சலுகை. ராஜினாமா செய்தாலும் அதே கணக்குதான். எனவே இறுதி ஆண்டை முழுதாகப் பயன்படுத்துங்கள், கோபத்தில் பாதியில் எழுந்து வராதீர்கள்.

மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்து, இந்த வாரமே ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைச் சந்தியுங்கள். உள்முறையீட்டை நிறுத்த வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.